உப்பு விழாத நாற்பத்தெட்டு நாள்

காலையில் கோப்பிக்கடையில் நான் செய்கிற காரியத்தைப் பார்த்து நீங்கள் எல்லாரும் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். நம் மேசையில் ஐந்து பேர். இருவருக்கு இனிப்புநீர் வியாதி, இருவருக்கு ரத்தக் கொதிப்பு. ரொட்டி சானாய்க்கு வரும் குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆட்கள். ஐந்தாவது ஆளான நான் மட்டும் பையிலிருந்து போத்தலை எடுத்து, உப்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்து, மூடி வைத்து, பத்து நிமிஷம் கழித்து இன்னொரு வாய் குடிக்கிறேன். "என்னலா, கடல் தண்ணிய மொண்டுகிட்டு வந்துட்டியா?" என்று கேட்டீர்கள். பத்து பெரிங்கி பீச்சுத் தண்ணி, டூரிஸ்ட்டு தரம் என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உங்களில் ஒருவர், "உனக்கு என்ன ஆபரேஷன்னு அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். நான் எழுந்து கக்கூஸுக்குப் போய்விட்டேன். என் வியாதியில் இது ஒரு வசதி. எந்தக் கேள்விக்கு நடுவிலும் எழுந்து போகலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் ஏதாவது கோமாளித்தனம் செய்து தப்பித்துவிடுவேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. கண் மங்கிவிட்டது, காது மட்டும் சுத்தம். இதைப் படிக்கிற யாரும் இதில் ஒரு வரியைக்கூட அவர் காதில் போட்டுவிடாதீர்கள். உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

போன வருஷம் என் வயிற்றுக்குள் ரத்தம் உறைந்து, குடலுக்குப் போகிற குழாயை அடைத்துக்கொண்டது. கறுத்துப்போன குடலையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆறு மீட்டர் இருக்க வேண்டிய சிறுகுடலில் எனக்கு மிச்சம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. என் பழைய பெல்ட்டு அதைவிட நீளம். வார்டில் உணவு ஆலோசகர் என்று ஒரு பெண் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மகள் வயது இருக்கும்.

"அங்கிள், குடல்னா வெறும் பைப்பு இல்ல. சாப்பாட்டையும் தண்ணியையும் உறிஞ்சி உடம்புக்குள்ள அனுப்புற இடமே அதுதான். உங்களுக்கு அது இப்ப குட்டையாப் போச்சு. உள்ள போறது உறிஞ்சுறதுக்கு முன்னாடியே வெளிய ஓடிடும்."

"அப்ப நிறையத் தண்ணி குடிக்கணும், சரியா?"

"அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. வெறும் தண்ணிய நிறையக் குடிச்சா, அது உடம்புல உள்ள உப்பையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடும். குடிக்கக் குடிக்கத் தாகம் எடுக்கும், ஆனா உள்ள காய்ஞ்சுக்கிட்டே போவீங்க. சீனித் தண்ணியும் அப்படித்தான். உப்புதான் தண்ணியப் புடிச்சு நிறுத்தும். அளவாக் கலந்த உப்புத் தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா. கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடிச்சாலும் நல்லதுதான்."

இன்னும் நிறையச் சொன்னார். மூன்று வேளையை ஆறாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். நன்றாக மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, இடையில்தான். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் குடலின் ஓட்டத்தை மெதுவாக்கும் மாத்திரை. வாராவாரம் எடை. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் கஞ்சித் தண்ணியில் உப்பு என்று அவர் சொன்ன இடத்திலேயே என் மனசு நின்றுவிட்டது.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா, அங்கிள்? இந்த மாதிரி ரத்தம் உறையுறது சில குடும்பத்துல வழிவழியா வரும்."

"அக்காவுக்கு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இன்னமும் பதினஞ்சு வயசுதான்" என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச்சு ஓட்டினார். அவர் சட்டையை முகர்ந்து பார்த்தே அன்றைக்கு என்ன கப்பல் வந்தது என்று சொல்லிவிடுவேன்; ரப்பர் ஷீட்டுக்கு ஒரு நாற்றம், கொப்பரைக்கு ஒரு நாற்றம், உரத்துக்கு மூக்கைப் பிடிக்கிற நாற்றம். துறைமுகத்து ஆட்களுக்கான வரிசை வீடுகளில் எங்களுடையது ஐந்தாவது. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பின்னால் நாலு கக்கூஸ். ஃபெரி ஊதுவது வீட்டுக்குள் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அம்மா உலை வைப்பார்.

நான் குண்டு. பத்து வயதில் எனக்கு ஒரு தொப்பை இருந்தது. சீனன் கடை முதலாளி போல இருக்கிறேன் என்று அக்கா என்னைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவாள். "தவுக்கே, கொஞ்சம் நகருங்க, வீட்டுக்கு வெளிச்சம் வரலை." அவள் மூன்றாம் படிவப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். மலாயும் ஆங்கிலமும் தண்ணீராக ஓடும். வீட்டுக்கு வருகிற அரசாங்கக் கடிதமெல்லாம் அவள் கைக்குத்தான் போகும். எங்கள் குடும்பத்துக்கு அவள்தான் வெளியுறவு மந்திரி.

பரீட்சை முடிந்த வாரம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. வாயு என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் விளக்கெண்ணெய். மூன்றாம் நாள் அவள் சுருண்டு பச்சையாக வாந்தி எடுத்தபோது அப்பா பக்கத்து வீட்டு வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். வயிற்றைத் திறந்த டாக்டர், குடலில் பெரும்பகுதி செத்துவிட்டது, எடுத்தாக வேண்டும் என்றார். ஆபரேஷன் அறையின் கதவு மூடியதும் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இவள உசுரோட குடு முருகா. வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பூசத்துக்குப் பால்குடம் எடுக்குற வரைக்கும் என் வீட்டு உலையில உப்பு விழாது. எங்க நாலு பேர் நாக்குலயும் உப்பு படாது."

அக்கா பிழைத்தாள். பல வாரம் ஊசிக்குழாயோடு கிடந்துவிட்டு வீடு திரும்பினாள். அன்றைக்கு அம்மா காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். தைப்பூசத்துக்குச் சரியாக நாற்பத்தெட்டு நாள். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய உத்தரவு வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது வார்டு நர்ஸான ஒரு மலாய்க்கார மிஸி காகிதப் பொட்டலங்கள் ஒரு பை நிறையக் கொடுத்திருந்தார். தினமும் ஒரு பொட்டலத்தைப் போத்தல் தண்ணீரில் கலந்து, வாய் வாயாகக் குடிக்க வேண்டும். அக்காதான் அதைத் தமிழில் சொன்னாள். அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, மோதிர விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது உப்புல்ல?"

"உப்பும் சீனியும்மா. மருந்து" என்றாள் அக்கா.

"மருந்துல என்னம்மா உப்புக் கணக்கு" என்றார் அப்பா. "ஆஸ்பத்திரிக்காரன் சும்மாவா குடுப்பான்?"

"நேர்ந்துகிட்டது நானா நீங்களா? கத்தி வச்சப்ப ஆஸ்பத்திரிக்காரன் கையப் புடிச்சது யாரு? பூசம் வரைக்கும்தானே. உப்பு போனா மிச்சம் சீனிதானே இதுல, அதை நான் கலந்து குடுக்குறேன்."

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா, "அம்மா சொல்றபடியே இருக்கட்டும்பா" என்றாள். அவளுக்கும் உயிர் திரும்பி வந்ததில் பயம் கலந்த நன்றி இருந்தது. பொட்டலங்கள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய், முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தன. அம்மா அந்த டின்னுக்கும் சேர்த்துத் தினமும் விபூதி வைத்தார்.

உப்பில்லாத சோறு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நனைத்த அட்டைப்பெட்டியை மெல்வது போல இருக்கும். அப்பா இரண்டாம் நாளே துறைமுகத்துக் கேன்டீனில் உப்பும் காரமுமாக வறுத்த மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து, வீட்டில் பசியில்லை என்றார். அவர் சட்டையில் எந்தக் கப்பலின் வாசனையும் இல்லை, இறால் வாசனை இருந்தது. நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவரும் ஒரு பொட்டலம் மீயை நான் விளையாடுகிற இடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆண்கள் இருவரும் முருகனை இப்படி ஏமாற்றிக்கொண்டிருக்க, விரதத்தை ஒழுங்காக இருந்தவர்கள் அம்மாவும் அக்காவும் மட்டும்தான்.

அக்காவுக்குப் பசி அடங்கவே இல்லை. கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டாள், சாப்பிட்ட அரைமணியில் பின்பக்கம் ஓடினாள். "திங்கிறதெல்லாம் எங்கடி போகுது?" என்று அம்மா அவள் முதுகெலும்பைத் தடவிக் கேட்பார். தாகம் இன்னும் மோசம். அம்மா சீனித் தண்ணீர், பார்லித் தண்ணீர் என்று கூஜா கூஜாவாக ஊற்றினார். ஊற்ற ஊற்ற ஓட்டமும் கூடியது. ஓடுகிற பிள்ளைக்கு இன்னும் நிறையத் தண்ணீர் வேண்டும் என்று அம்மா இன்னும் ஊற்றினார். எந்தத் தாய்தான் ஊற்ற மாட்டாள்?

எனக்கு அந்த விடுமுறையில் ஒரு உத்தியோகம் கிடைத்தது. நாலு கக்கூஸில் ஒன்றை எப்போதும் பிடித்து வைத்திருக்க வேண்டும். காலையில் வரிசை நீளமாக இருக்கும்போது நான் வாளியோடு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அக்கா வந்து கதவைத் தட்டி, "தவுக்கே, ஆபீஸ் முடிஞ்சதா?" என்பாள். நான் வெளியே வர, அவள் உள்ளே போவாள். வெளியே நிற்கிற பெண்கள் என்னைத் திட்டுவார்கள். இந்தக் குண்டனுக்கு வயிறா குப்பைத்தொட்டியா என்பார்கள். அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டதில் அக்காவின் மானம் பிழைத்தது. என் வாழ்க்கையில் என் தொப்பை ஒருவருக்குப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு வாரத்தில் அவள் கன்னம் ஒட்டிவிட்டது. கால் நரம்பு இழுத்துக்கொண்டு அழுவாள். ஒரு மத்தியானம் நான் பந்து விளையாடிவிட்டு வேர்வையோடு அவள் பாயில் போய் விழுந்தேன். அவள் என் கையை இழுத்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே நக்காக நக்கினாள்.

"சீ, நாயா நீ?"

"நல்லா இருக்குடா" என்றாள். "இன்னொரு கையும் குடு."

நான் கூச்சத்தில் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு உப்பு வேணும் தவுக்கே. ஏன்னு தெரியல. கனவுலகூட உப்புதான் வருது" என்றாள்.

எங்கள் வரிசைக்குச் சாயங்காலம் கச்சாங் பூத்தே விற்கிற அண்ணன் ஒருவர் வருவார். தலையில் தட்டு, கடலை, பட்டாணி, வறுத்த பருப்பு. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அள்ளிப் போடுவார். தின்று முடித்தால் கூம்பின் அடியில் உப்பு தங்கியிருக்கும். அன்றைக்கு நான் அவரிடம், "அண்ணே, உப்பு நிறைய வேணும்ணே" என்றேன்.

"கடலைக்கு உப்பா, உப்புக்குக் கடலையா தம்பி?"

"உப்புக்குக் கடலைண்ணே."

அவர் ஒரு கை உப்பைத் தனிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஒப்பந்தம் இப்படி ஆயிற்று: கடலை எனக்கு, உப்பு அக்காவுக்கு. நான் அவளை நன்றாக ஏமாற்றிவிட்டதாக நினைத்தேன். அவள் என்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்தாள். சோறு வடித்த கஞ்சித் தண்ணீரை அம்மா பூனைக்கு என்று சட்டியில் வைப்பார். அக்கா அதை ஒரு மக்கில் மொண்டு, உப்பைப் போட்டு, படுத்தபடியே நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்தாள். டாக்டரும் மிஸியும் இல்லாமல், ஒரு கடலைக்காரரும் ஒரு குண்டுப் பையனும் ஒரு பூனையின் சட்டியும் சேர்ந்து அவளுக்கு வைத்தியம் பார்த்தோம். இன்றைக்கு அந்த ஆலோசகர் பெண் எனக்கு எழுதிக் கொடுத்திருப்பதும் கிட்டத்தட்ட அதே வைத்தியம்தான்.

ஒரு வாரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். கால் இழுப்பது நின்றது. கக்கூஸில் என் ஆபீஸ் நேரம் பாதியாகக் குறைந்தது. ஒரு நாள் முச்சந்தி வரை என்னோடு நடந்து வந்தாள். அன்றைக்கு அம்மா முருகன் படத்துக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்டார். "கண்ணத் தொறந்துட்டான்டா" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் கடலை வாயோடு நின்றேன்.

இனிமேல் வருவதைத்தான் என்னால் கோப்பிக்கடையில் சொல்ல முடியாது.

பூசத்துக்கு நானும் சின்னதாக ஒரு பால்குடம் எடுக்க வேண்டும் என்று அம்மா முடிவு செய்தார். எனக்கென்று ஒரு குட்டிப் பித்தளைச் சொம்பு வந்தது. அதை மூன்றாவது வீட்டுப் பையனிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அவன் என்னைவிட இரண்டு வயது பெரியவன், எல்லாம் தெரிந்தவன். "விரதம் கெட்டவன் எடுத்தா பால் படியிலயே திரிஞ்சிடும்டா. எல்லாரும் பார்ப்பாங்க" என்றான். போன வருஷம் ஒருத்தனுக்குத் தயிராகவே ஆகிவிட்டதாம்.

மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீ கோரிங்கும் கடலையும் செய்த பாவம் கண்ணுக்கு முன்னால் கட்டி கட்டியாகத் திரிந்தது. படியேறும் ஜனத்துக்கு நடுவே என் சொம்பிலிருந்து புளித்த வாடை கிளம்புகிறது, எல்லாரும் மூக்கைப் பிடிக்கிறார்கள். நாலாம் நாள் அம்மா துணி உலர்த்தும்போது போய்ச் சொல்லிவிட்டேன். அப்பாவின் மீயைச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு விசுவாசம். அக்காவின் உப்பைச் சொன்னேன். முருகனுக்குப் பயந்து, நல்ல பிள்ளையாகி, உண்மையைச் சொன்னேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அது அப்படி இல்லை. என் பாலைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அம்மா அடிக்கவில்லை. கையில் இருந்த ஈரத் துணியோடு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு உள்ளே போய்ச் சூடம் கொளுத்தி, அக்காவின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். பூசம் வரை உப்பைத் தொட மாட்டேன் என்று அவளைச் சொல்ல வைத்தார். அக்கா சொன்னாள். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கெட்ட விரதத்துக்கு ஈடாக அம்மா அன்றிலிருந்து சோற்றையே விட்டுவிட்டு, ஒரு வேளை பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டார். பூனைச் சட்டியை வெளியே வைப்பதும் நின்றது.

நான் அக்காவின் பாய் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பால் திரிஞ்சுடும்னு சொன்னாங்க" என்றேன்.

"யாரு?"

"மூணாவது வீட்டுப் பையன்."

அவள் கூரையைப் பார்த்தபடி, "பால் முக்கியம்தான் தவுக்கே" என்றாள். அதில் கேலி இருந்ததா என்று ஐம்பது வருஷமாக யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகு இருபது நாள் இருந்தது. முதல் வாரத்திலேயே கால் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. கூஜாக்கள் திரும்பி வந்தன. சீனித் தண்ணீர், பார்லித் தண்ணீர், இளநீர். நாக்கு காய்ந்து, உதடு வெடித்து, குடித்ததெல்லாம் வெளியே போயிற்று. என் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஓட முடியாதவளை அப்பா தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி பூசத்துக்கு அப்புறம். முன்னாலேயே கூட்டிப் போகலாம் என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். "இன்னும் பத்து நாள். நடுவுல நிறுத்தினா மொத்தமும் போயிடும்" என்றார் அம்மா. அவரும் அப்போது எலும்பாகத்தான் இருந்தார். இரண்டு எலும்புக்கூடுகளுக்கு நடுவில் நான் ஒருவன் கொழுகொழுவென்று நடமாடினேன்.

பூசத்தன்று அம்மாவும் நானும் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். அப்பா அக்காவோடு வீட்டில் இருந்தார். கூட்டத்தில் நசுங்கி, வெறுங்காலில் தார் சுட, அத்தனை படியும் ஏறினேன். ஒவ்வொரு படியிலும் சொம்பின் வாயைக் கட்டியிருந்த மஞ்சள் துணியை மோந்து பார்த்துக்கொண்டே போனேன். மேலே அவிழ்த்தபோது பால் வெள்ளை வெளேரென்று இருந்தது. என் பால் திரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஈரப் புடவையைக்கூட மாற்றவில்லை. டின்னைத் திறந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, டம்ளரில் கலக்கி, அக்காவின் தலையை மடியில் வைத்து வாயில் கொடுத்தார். அவள் இரண்டு மடக்கு குடித்தாள். கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்றாள். இன்னும் இரண்டு மடக்கு. மீதி கன்னத்தில் வழிந்தது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி. மறுநாளைக்கு மறுநாள் போய்விட்டாள். அவள் ரிசல்ட்டு நல்ல ரிசல்ட்டு. அந்தத் தாளைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் அப்பா பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்.

எட்டாம் நாள் அப்பா அந்த டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வெறுங்கையோடு வந்தார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு எவ்வளவு புரிந்திருந்தது என்று தெரியாது. அடுத்த பதினாலு வருஷம் உயிரோடு இருந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசினார். சமையலறையில் சொந்தக்காரப் பெண்களிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் கேட்டேன். "நடுவுல விரதம் கெட்டுப்போச்சு. சின்னப் புள்ள தெரியாமக் குடுத்துட்டான். அவன என்ன சொல்றது?"

என்னை எதுவும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் அக்காவின் நாளில் அம்மா உப்பில்லாமல் சாப்பிடுவார், என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவி, "உன் மேல தப்பில்லடா" என்பார். பதினொரு வயதில் சொன்னார். கல்யாணமான பிறகும் சொன்னார். தாத்தா ஆன பிறகும் சொல்கிறார். நானும் அக்காவைக் கொன்றது என் கடலைக் காகிதம்தான் என்று நம்பிக்கொண்டேதான் உங்கள் மத்தியில் இத்தனை வருஷமாகக் கோமாளி வேஷம் கட்டினேன்.

அதனால்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பெண் சொன்னதைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. நான் கொல்லவில்லை. அவள் எழுந்து நடந்தது என் உப்பால். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நான் கொல்லவில்லை என்றால் வேறு என்ன ஆயிற்று என்று புத்தி தானாகவே கணக்குப் போட்டது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அந்தக் காலத்து வசதிக்கு, அத்தனை குறைந்த குடலோடு, உப்புக் கொடுத்திருந்தாலும் எத்தனை நாள் இருந்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது அங்கிள் என்றார். நல்ல பெண். ஆனால் கொடுக்காமல் விட்டதில் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அம்மாவிடம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தோம். ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அக்கரையில் பிறை ஊரில் இருக்கிற தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா ஹாலில் இருந்தார். நான் குளித்துவிட்டு வந்தபோது, "இங்க வந்து உக்காருடா" என்றார்.

உட்கார்ந்தேன்.

"குடல அறுத்து எடுத்துட்டாங்களாமே உனக்கு. உன் பொண்டாட்டி சொல்றது கேட்டுச்சு."

"கொஞ்சம்தாம்மா."

"அவளுக்குப் பண்ணின மாதிரியா?"

எழுந்து கக்கூஸுக்குப் போயிருக்கலாம். கால் வரவில்லை.

"உனக்கு உப்பு குடுக்கச் சொல்றாங்களாம்" என்றார் அம்மா. குரல் மெதுவாக, ரொம்ப ஜாக்கிரதையாக வந்தது, இருட்டில் படி இறங்குகிறவர் காலை வைப்பது போல. "அப்ப அவளுக்கும் உப்புதான் குடுத்திருக்கணுமா?"

மங்கின கண் என் முகம் இருக்கிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது. எனக்கு அறுபத்தொன்று. ஐம்பது வருஷமாகக் காத்திருந்த தீர்ப்பு என் நாக்கு நுனியில் இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "அது வேற, இது வேற. டாக்டரக் கேட்டேன். அவளுக்கு இருந்ததுக்கு உப்பே ஆகாதாம். நீங்க செஞ்சதுதான் சரின்னாரு."

"நெஜமாவா?"

"நெஜமாத்தாம்மா."

அம்மா மூச்சை விட்டார். எவ்வளவு நேரமாக அதைப் பிடித்து வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப நீ குடுத்த அந்த உப்பு..."

"அதுதாம்மா" என்றேன். "நான் குடுத்திருக்கக் கூடாது."

அவர் கையை நீட்டித் துழாவி என் தலையைக் கண்டுபிடித்தார். குளித்த ஈரம் இன்னும் காயவில்லை. முந்தானையால் துடைத்தார்.

"நீ சின்னப் புள்ளடா. தெரியாமத்தானே செஞ்சே."

"ஆமாம்மா" என்றேன். "தெரியாமத்தான்."